கிராணியின் சப்பாத்து

என் தாத்தா மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என் மனைவியின் அம்மாவழித் தாத்தா அதே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்தார். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருடமாக, செனாவாங்கில் எங்கள் சொந்தம் கூடும்போதெல்லாம் எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த ஒரு கதையை நான் சொல்லி வந்தேன்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாத யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர். சப்பாத்து தேயக்கூடாதென்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலில் நடப்பார். ஒருநாள் காலில் முள் ஏறி ரத்தம் கொட்டும். "நல்லவேளை, சப்பாத்துப் போடல. ஓட்டை விழுந்திருக்கும்!" என்பார்.

எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். கட்டிக்கொண்டவளே சிரிக்கிறாள், வேறு யாருக்கு நோகும் என்றிருந்தேன்.

போன வருடம் மாமியார் தவறினார். பாரோயில் அவர் வீட்டை ஒழித்தபோது பழைய ஆங்கில நகைச்சுவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. புரட்டினால் என் கதை! முள், ரத்தம், கக்கம், எல்லாம் இருந்தன. ஆள் மட்டும் ஸ்காட்லாந்துக்காரன். கஞ்சன் என்று அவர்களை மற்ற வெள்ளைக்காரர்கள் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே மனைவியிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. துணி மடித்தபடியே சொன்னாள்.

"தெரியும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்கட அம்மப்பாவுக்குக் குடுத்த புத்தகம். துரையும் ஸ்காட்லாந்துதான். ஒரு தீபாவளிக்கு ஆபீஸ் முன்னால எல்லாரையும் கூட்டி, கதையில அம்மப்பாவை வச்சுத் தமிழிலயே சொன்னவராம். பால்மரம் வெட்டின உங்கட ஆக்கள் விழுந்து விழுந்து சிரிச்சவையாம். அம்மப்பாவும் சிரிச்சவர். சிரிக்காட்டி வேலை இராது."

"நீ ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நானும் சிரிச்சுக்கொண்டுதானே இருந்தனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் தாத்தாவுக்குக் கக்கத்தில் இடுக்கவும் சப்பாத்து கிடையாது. துரை தன் ஊர்க் கேலியைக் கிராணி காலில் மாட்டிவிட்டான். அவன் எறிந்ததை மூன்று தலைமுறையாக வீணாக்காமல் வைத்திருந்த சிக்கனக்காரர்கள் நாங்கள்தான்.

சென்ற மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்ததும் என் தம்பி கூவினான்.

"அண்ணே, கிராணி கதைய எடுத்து விடுங்க லா!"

சம்பந்தி வீட்டார் நாற்காலிகளை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். பாயசச் சட்டியோடு நின்றவள், நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"வேணாம்டா. இனிமே அந்தக் கதை இல்ல," என்றேன்.

அதன் பிறகும் அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.