எட்டுப் பத்துக்கு வரும் துன்பம்

எய்னர் டால்ஸ்கோர் எலி பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஓடென்ஸ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் அடித்தளத்தில் அவருடைய ராஜ்ஜியம். சர்க்கரை நோய் எலிகள் ஒரு அறையில், மூட்டுவலி எலிகள் இன்னொரு அறையில், ரத்தக்கொதிப்பு எலிகள் மூன்றாவதில். மனிதனுக்கு வருகிற சீக்கை எலிக்கு வரவழைத்துப் பார்த்தால்தான் மருந்து கண்டுபிடிக்க முடியும் என்று மேல்மாடிக்காரர்கள் சொன்னார்கள். எய்னருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவருக்கே ரத்தக்கொதிப்பு உண்டு. காலையில் மாத்திரை போடும்போதெல்லாம் மூன்றாம் அறையை நன்றியோடு ஒரு கணம் நினைத்துக்கொள்வார்.

அது போக அவரிடம் இருந்த இன்னொரு நோய் ஒழுங்கு. ஏழு மணிக்கு வேலை என்றால் ஆறு ஐம்பத்தெட்டுக்கு சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருப்பார். உள்ளே போனதும் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு குட் மார்னிங். ஒன்பதரைக்குக் காப்பி, பதினொன்றரைக்கு ஈரல் பூசிய கறுப்பு ரொட்டி, மூன்று மணிக்கு வீடு. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கேக். அவருடைய பதிவேட்டில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்ததில்லை. "இந்த மனுஷன் சாகிறதா இருந்தாக்கூட மூணு மணிக்கு மேலதான் சாவார், அதுவும் சைக்கிளை உள்ள வச்சுட்டு" என்று மனைவி பிர்கிட் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

ஆகஸ்டு மாதம் ஸில்யே என்ற ஆராய்ச்சி மாணவி பதினாறு வெள்ளை எலிகளோடு கீழே இறங்கி வந்தாள். இந்த ஊரில் அரச குடும்பத்தைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆகவே இருபத்தெட்டு வயதுக்காரி அறுபத்திரண்டு வயதுக்காரரிடம் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எய்னர், இதுங்களுக்கு மனச்சோர்வு வரணும். அதுக்கு நீதான் உதவி பண்ணணும்."

"எலிக்கு எப்படி மனச்சோர்வு வரும்? இங்க ஜன்னல்கூட இல்லையே. நவம்பர் இருட்டு வந்தாக்கூட அதுக்குத் தெரியாது."

"சின்னச் சின்னத் தொல்லையா கொடுத்துக்கிட்டே இருக்கணும். கூண்டைச் சாய்ச்சு வைக்கிறது, படுக்கையை நனைக்கிறது, ராத்திரி பூரா விளக்கை எரிய விடுறது. வலிக்கக் கூடாது, ஆனா எரிச்சல் வரணும்."

"புரியுது. நகராட்சி மாதிரி."

"அதேதான்" என்றாள் ஸில்யே. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எலிக்கு மனம் சோர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு குப்பியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல மனநிலையில் இருக்கிற எலி சர்க்கரைத் தண்ணீரை ஒரு பிடி பிடிக்கும். சோர்ந்துபோன எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படி ஆன பிறகு பாதி எலிகளுக்குப் புது மருந்தைக் கொடுத்து, இனிப்பு மறுபடி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய முனைவர் பட்டம். பிப்ரவரிக் கடைசியோடு அவளுக்குக் கொடுத்த மூன்று வருடம் முடிகிறது.

ஒரு அட்டவணையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸில்யே ஏதோ மாநாட்டுக்கு ஸ்டாக்ஹோம் போய்விட்டாள். எய்னர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவருக்குப் பாவமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்குக் கூண்டைச் சாய்க்க வேண்டுமாம், காப்பி நேரத்தில். வியாழன் இரண்டு ஐம்பத்தேழுக்குப் படுக்கையை நனைக்க வேண்டுமாம். ஒரே வாரத்தில் மூன்று தடவை விளக்கு, அடுத்த வாரத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோ. பாவம், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் அள்ளித் தெளித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பெரிய படிப்பு படிக்கிற பிள்ளைகள் இப்படித்தான். அதைப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னால் பெண்ணுக்கு அவமானம். திரும்பி வந்த பிறகு அவளிடமே சொன்னாலும் முகம் சுருங்கிப்போகும்.

ஆகவே யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்தார். அடிக்கோல் வைத்து, நாலு வண்ணப் பென்சிலால் புது அட்டவணை போட்டார். திங்கள் சாய்வு, செவ்வாய் ஈரம், புதன் மறுநாள் வரை அணையாத விளக்கு, வியாழன் பக்கத்துக் கூண்டு எலியைக் கொண்டுவந்து விடுவது, வெள்ளி ரேடியோ. எல்லாம் காலை எட்டுப் பத்துக்கு. அவள் கேட்ட தொல்லைகளில் ஒன்றைக்கூட அவர் குறைக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு ரொட்டி சாப்பிடப் போனார்.

பத்து வாரம் எட்டுப் பத்து எட்டுப் பத்தாகவே இருந்தது. ஸில்யே வியாழன் மாலைகளில் சர்க்கரைக் குப்பிகளோடு வருவாள், எடை போடுவாள், கதவின் உள்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். நாலாவது வாரம் எலிகள் சர்க்கரைத் தண்ணீரை நன்றாகக் குடித்தன. ஏழாவது வாரம் இன்னும் நன்றாகக் குடித்தன. பத்தாவது வாரம் இரண்டு எலிகள் குப்பியைக் காலி செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தன.

இதற்குள் ஸில்யே பாதியாக இளைத்துவிட்டாள். ஒரு நாள் காப்பி மேசையில், பிரித்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடலையா?" என்றார் எய்னர்.

"இந்தக் கட்டடத்துலயே மனச்சோர்வு வந்திருக்கிற ஒரே ஜீவன் நான்தான். பேராசிரியர் என்னைக் கூண்டுல போட்டு எடை பார்க்கலாம்."

"எல்லாத்தையும் ஒண்ணு விடாமதானே செய்யறேன்."

"உன் மேல என்ன தப்பு? எனக்குத்தான் புரியல. எப்ப என்ன வரும்னு தெரியாம தவிக்கிறதுதான் இந்த நோயே. தெரிஞ்சுட்டா எலி பழகிடும். அதுக்காகத்தானே ரெண்டு நாள் உக்காந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு அந்த அட்டவணையையே தயார் பண்ணினேன்."

எய்னர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சீட்டுக் குலுக்கியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக் கேக்கை அவர் தொடவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் மனிதர் பேயறைந்தவர் போல உலாத்தினார். சொல்லிவிட்டால் முப்பத்தொரு வருடத்துப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எலிகளின் பிறவிக் குணமே அப்படி என்று எழுதி மூடிவிடுவார்கள், பெண்ணின் மூன்று வருடம் குப்பைக்குப் போகும். பிர்கிட் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "துன்பத்துக்கே நேரம் குறிச்சுக் கொடுத்திருக்க. உன்னைத் தவிர இதை வேற யாரும் பண்ண முடியாது" என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "திங்கக்கிழமையே சொல்லிடு" என்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸில்யேயைக் கீழே கூப்பிட்டார். வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. கூண்டுக்கு அடியில் கொடுக்கிற மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"பாரு."

எட்டு ஏழு. எலிகள் தூங்கிக்கொண்டிருந்தன. எட்டு எட்டு. ஒன்றிரண்டு எழுந்து மீசையை நீவிவிட்டுக்கொண்டன. எட்டு ஒன்பதுக்குப் பதினாறு எலிகளும் எழுந்து, அவரவர் கூண்டில் மேலே உயரப்போகிற மூலைக்குப் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டன. எட்டுப் பத்துக்கு எய்னர் முதல் கூண்டின் அடியில் கட்டையைக் கொடுத்தார். கூண்டு சாய்ந்தது. எலி கொட்டாவி விட்டது.

ஸில்யே எலியைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். கடைசியாகக் கதவின் உள்பக்கம் நாலு வண்ணத்தில் பளபளத்த அட்டவணையைப் பார்த்தாள்.

"எத்தனை வாரமா?"

"பத்து. ஒரு நிமிஷம் பிசகல."

"ஒரே ஒரு நாள் பிசகியிருக்கக் கூடாதா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது. எய்னர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா டைப் அடிச்சிருக்கன்னு நினைச்சேன். உனக்கு அவமானமா இருக்குமேன்னு சொல்லல. நானே பேராசிரியர்கிட்டப் போய்ச் சொல்றேன்."

போய்ச் சொன்னார். பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்தது. அதையும் அவரே அடிக்கோல் வைத்துப் போட்டார். புது எலி வரவழைத்து அனுமதி வாங்க நேரமில்லை, இதே பதினாறை வைத்து டிசம்பர் நடுவுக்குள் முடிந்தால் பார்க்கலாம் என்று பேராசிரியர் ஒத்துக்கொண்டார்.

இனிமேல்தான் எய்னருக்கு உண்மையான சோதனை. ஒழுங்கில்லாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் வாரம் தன் போக்கில் இஷ்டத்துக்குத்தான் செய்தார். ஸில்யே குறிப்பைப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சரியாகப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போயிருந்தது. "உன் இஷ்டமே ரயில்வே கால அட்டவணை மாதிரிதான் இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒட்டிய உறைகளை ஒரு கட்டாகக் கொடுத்தாள். காலையில் ஒன்றைப் பிரித்து, அதில் இருப்பதைச் செய்ய வேண்டியது. காப்பிக்கு நடுவே எழுந்து ஓடினார். ஞாயிற்றுக்கிழமை ஆலங்கட்டி மழையில் சைக்கிள் மிதித்தார். இரண்டு ஐம்பத்தேழுக்குப் படுக்கையை நனைத்துவிட்டு மூன்று இருபதுக்கு வீட்டுக்குப் போனார். பிர்கிட் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்யக் கிளம்பியிருந்தாள்.

இரண்டாம் வாரம் ஸில்யே தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள்.

"காலையில ஒவ்வொரு கூண்டுக்கும் குட் மார்னிங் சொல்றியே, அதையும் நிறுத்தணும். அதுவும் அதுங்களுக்கு ஒரு நிச்சயம்."

"அதுவுமா?"

"அதுவும்தான்."

நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். முதல் சில நாள் எலிகள் கம்பி ஓரம் வந்து காத்திருந்தன. அப்புறம் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் அவற்றின் மயிர் பரட்டையாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஐந்தாம் வாரம் கூண்டைச் சாய்த்தால் சாய்ந்த பக்கமே சரிந்து கிடந்தன. எய்னர் வீட்டில் யாரோடும் அதிகம் பேசவில்லை.

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. ஸில்யே படிகளில் ஓடி வந்தாள். கையில் பழுப்புச் சர்க்கரை ஒழுகும் புருன்ஸ்விகர் கேக், ஒரு தட்டு நிறைய.

"பதினாறுல பதினாலு, எய்னர். சர்க்கரைத் தண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்குப் பட்டம் உண்டு."

மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள். கை தட்டினார்கள். பேராசிரியர் எய்னரின் தோளில் தட்டி, "இவ்வளவு சீரா எலிங்க சோர்ந்துபோய் நான் பார்த்ததே இல்ல. இது உன் கைவேலைதான்" என்றார். எய்னர் நன்றி சொன்னார். கேக்கை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தப்புச் செய்தபோது வந்த வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஸில்யேயிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கிறியே, எல்லாத்துக்கும் உண்டா?"

"பாதிக்குத்தான். மீதிப் பாதிக்கு வெறும் தண்ணி. இல்லேன்னா மருந்து வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்?"

முப்பத்தொரு வருடமாக அந்தப் பதில் அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

"எந்தப் பாதி?"

"எனக்கே தெரியாது. உனக்கும் தெரியக் கூடாது."

எய்னர் கேக் தட்டுகளைக் கழுவி, துடைத்து, அளவு வாரியாக அடுக்கிவைத்தார். மணி மூன்றைத் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர் நின்றார்.

"உறை எல்லாம் முடிஞ்சதுல்ல?"

"முடிஞ்சது. இனிமே தொல்லை எதுவும் இல்ல. ஏன்?"

"குட் மார்னிங் சொல்லலாமா?"

ஸில்யே கொஞ்சம் யோசித்தாள். "சொல்லலாம். ஆனா பதினாறுக்கும் ஒரே மாதிரி சொல்லணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அதை எங்கிட்ட விடு" என்றார் எய்னர்.