தமையனாரின் வலது உள்ளங்கை

எம் தமையனார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இன்று, அவரது வலது உள்ளங்கைத் தழும்பை ஒரு கொலைக்குச் சான்றாகச் சிலர் இன்றும் பேசுவதால், நடந்ததை உறவினர்க்கும் நண்பர்க்கும் எழுதி வைப்பது என் கடமை.

தளவாய்புரத்தில் பிறந்து, இளமையிலேயே தந்தையாரை இழந்து, ராஜபாளையத்தில் கிணறு வெட்டும் ஒப்பந்தம் எடுத்து எங்களை ஆளாக்கியவர் அவர். என்னை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கும் பின்னர்க் கல்லூரிக்கும் அனுப்பியவரும் அவரே. முன்கோபி, அதை மறைப்பதற்கில்லை.

தேவதானத்துக் கிணறொன்றில் பாறையைப் பிளக்க அடியில் விறகடுக்கி எரித்தனர். கருங்கல்லின் நடுவே வெள்ளைக்கல் வரி ஒன்று ஓடியது. கருங்கல் வெப்பத்தைத் தாமதித்துக் கடத்தும். வெள்ளைக்கல் விரைந்து கடத்தி, ஆழம்வரை சூட்டை இழுத்து வைத்திருக்கும். நெருப்பை அவித்தபின், கல்லுடைக்கும் கருப்பன் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்து, பாறை முழுதும் ஆறிவிட்டதென எண்ணி, வெள்ளைக்கல் துளையில் வெடிமருந்தைக் கொட்டினான். மறுகணம் அவன் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

முந்தைய நாள்தான் தமையனார் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார்.

கருப்பனின் அண்ணன் மாடசாமி அரிவாளோடு ஆள் திரட்டி வந்தான். எங்கள் மேஸ்திரியைக் கட்டிவைத்துப் பற்கள் தெறிக்க அடித்தனர். தமையனாரைக் கிணற்றுமேட்டில் மண்டியிட வைத்தனர்.

"நேத்து அடிச்சான், இன்னைக்குக் கொன்னுட்டான். கல்லுல கைய வைக்கச் சொல்லுங்கலே," என்றான் மாடசாமி.

தணலின்மேல் கிடத்திய பலகைக்கல்லில் உள்ளங்கையை ஊன்றுவது அங்கே சத்தியம். வெந்தால் குற்றவாளி, தலை மிஞ்சாது. கருங்கல்லை மட்டும் கேட்டிருந்தால் தமையனார் எளிதில் தப்பியிருப்பார். தாம் தப்பினால் அடுத்து மேஸ்திரியின் கையைக் கேட்பார்கள் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

"ஒரு கல்லு பத்தாதுலே. கருங்கல்லு ஒண்ணு, அவன் செத்த எடத்து வெள்ளக்கல்லு ஒண்ணு. ரெண்டும் ஒரே கனத்துல கொண்டா," என்றார் தமையனார்.

"ரெண்டு கைக்கும் மருதாணி வைக்கணுமாம்ல தொரைக்கு," என்று ஒருவன் நகைத்தான்.

கற்கள் தணலில் கிடந்தன. சற்று நேரம் கழித்து, தமையனார் இரு கைகளையும் ஒருசேர ஊன்றினார். வலது கையின் தோல் வெள்ளைக்கல்லோடு ஒட்டிப் பொசுங்கிற்று. பிறகு அவர் இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். இடது கையில் வியர்வை மட்டுமே இருந்தது.

"வலது கை கொன்னுருக்கு, எடது கை கொல்லல. எதலே வெட்டப் போற மாடசாமி?"

மாடசாமி கருங்கல்லைத் தொட்டான். வெள்ளைக்கல்லைத் தொட்டுக் கையை உதறினான். தம்பியை ஏமாற்றியது கல்தான் என்பதை உணர்ந்து, மேஸ்திரியைக் கட்டியிருந்த கயிற்றை அரிவாளால் அறுத்தான்.

அந்த வலது கை பிறகு மடங்கவேயில்லை. தமையனார் விருந்துகளில் பந்தியில் அமராதது அதனாலேயே, செருக்கினால் அன்று.

இறுதி நாட்களில் உடனிருந்த மருத்துவர்க்கும், சுற்றத்தார்க்கும் எம் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பாடையின் வலப்புறம் மயானம்வரை தோள் மாற்றாமல் சுமந்த முதியவர் யாரென உங்களுள் பலர் வினவினீர்கள். அவர் மாடசாமி. எங்கள் முதல் நன்றி அவருக்கே உரியது.