முந்நூறு கிராம் கூடிப்போன ஜெட்

ரிமோட்டில் பறக்கும் ஜெட் ஒன்றை வீட்டில் செய்துகொண்டிருந்தேன். தெர்மாகோல் உடம்பு, வயிற்றுக்குள் காற்றைப் பின்னால் தள்ளும் சின்ன விசிறி. மொத்த எடை ஆயிரத்து இருநூறு கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த விசிறியால் தூக்க முடியாது. விழுந்து நொறுங்கினால் ஆறு மாத உழைப்பு போச்சு.

தெர்மாகோல் மேல் மெல்லிய பைபர் தோல் ஒட்ட மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். கடலோரத்தில் பைபர் படகுகளைப் பழுது பார்க்கிறவன். நான் திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருவதற்குள் வேலையை முடித்திருந்தான்.

"மூணு கோட்டு ரெசின் பூசியிருக்கேன் மாமா. அலை அடிச்சாலும் அசையாது."

தராசில் வைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு.

"இன்னாடா இது? ஏரோப்ளேன் கேட்டா படகு செஞ்சு வெச்சிருக்க! அறிவு வேணாம்?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் உப்புத்தாளால், காய்ந்து இறுகிய அந்த ரெசின் பசையைத் தேய்த்தேன். கை கழுத்தெல்லாம் பைபர் தூள் அரித்தது. கூட இரண்டு இழுப்பு இழுத்தால் ஓட்டை விழும். பயந்து பயந்து தேய்த்ததில் நூற்றுத் தொண்ணூறு கிராம் போனது. மீதிக்குச் சக்கரங்களையே கழற்றிவிட்டேன். இனி யாராவது கையால் வீசித்தான் பறக்கவிட வேண்டும். விரல் கொடுத்துப் பிடிக்க அடிவயிற்றில் இரண்டு துளை வெட்டினேன். துளையின் கூரான ஓரத்துக்கு டேப் ஒட்டலாமா என்று யோசித்து, அதுவும் இரண்டு கிராம் என்று விட்டுவிட்டேன்.

ரிமோட் என் கையில் இருக்கும். நேராக, பலமாக வீசத் தெரிந்தவன் மனைவியின் தம்பி ஒருவன்தான். மனைவியைப் பேசச் சொன்னேன்.

"திட்டினது நீங்க. நீங்களே பேசுங்க."

வெட்கத்தை விட்டுப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சோரியாங்குப்பத்தில் அறுவடை முடிந்த வயலுக்கு வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். விசிறி அலறியது.

"வுடட்டுமா மாமா?"

"வுடு!"

வீசினான். ஜெட் மூக்கைத் தாழ்த்தி, அறுத்த நெல்தாளுக்கு மேலே முழங்கால் உயரம்வரை இறங்கியது. அவசரப்பட்டு மேலே இழுத்தால் கவிழும். அப்படியே தரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் பறந்து, வரப்பைத் தாண்டி, மேலே ஏறியது. இரண்டு சுற்று சுற்றி வைக்கோலில் அதன் வயிறு படும்படி இறக்கினேன்.

அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன். எங்கேயாவது விரிசலா என்று புரட்டினேன். துளைகளைச் சுற்றி ரத்தம்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். லுங்கி முனையைக் கையில் சுற்றியிருந்தான். அதிலும் சிவப்பு ஊறியிருந்தது.

"எப்படா வெட்டுச்சு?"

"புடிச்சப்பவே."

"சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா கத்துவீங்க மாமா."