மந்திரவாதிக்கு விட்டுப்போன சுருள்

கோல சிலாங்கூரிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு லோரியில் வந்து படம் காட்டியவர் ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது, இரவு ஏறிவிட்டால் முள்வேலிக்குள் ஊரடங்கு.

அவர் போட்ட மாயாஜாலப் படம் எங்கள் திருவிழாக் கூத்தின் கதைதான். கூத்தில் என் வீட்டுக்காரர் மந்திரவாதி. மந்திரவாதியின் தாயை ராஜா ஆற்றில் தள்ளிக் கொன்றதை அவர் பாடும்போது லயத்து வீடுகள் எல்லாமே அழும். படத்து மந்திரவாதியோ வந்தான், சிரித்தான், செத்தான். அதைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர், "நம்ம கூத்தும் இப்படியே இருக்கட்டும்லா, அழுகைப் பாட்டு வேணாம்" என்றுவிட்டார். வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை.

மறுமாதம் அதே படத்தோடு லோரி வந்தது. நேரே படக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"ஏன்யா, மந்திரவாதி பொறக்கும்போதே கெட்டவனா? அவன் கதைய எங்க முழுங்கினீங்க?"

கடிகாரத்தைப் பார்த்தார். "ஊரடங்குக்குள்ள முடிக்கணும்க்கா. அந்தச் சுருள விட்டுட்டேன். சண்டைய விட்டா என்னைய அடிப்பாங்க."

"இன்னிக்கி அதப் போடுங்க. மண்டோர் பாக்கட்டும்."

"வேணாங்க்கா."

"போடுய்யா!"

போட்டார். அதில் தாயும் இல்லை, ஆறும் இல்லை. இளவரசி மாலை போடாததால் மந்திரவாதி கெட்டுப்போனானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டோருக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. கூத்திலும் அப்படியே வைக்கச் சொன்னார்.

அந்தத் திருவிழாவில் என் வீட்டுக்காரர் இளவரசிக்காக அழுதார். ஒருவர் கண்ணும் நனையவில்லை. வேணாம் என்ற அந்த மனிதர், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?