சுங்கை பாக்காப் ஆற்றோரத்து இருவாச்சி மரம்

சீனப் புத்தாண்டுக்கு என் கணவரின் ஆபீஸை மூன்று நாள் மூடுவார்கள். ஜார்ஜ் டவுனில் பட்டாசுப் புகைக்குள் உட்கார்ந்திருப்பதைவிட, அக்கரைக்குப் போய் இருவாச்சி பார்த்து வரலாம் என்று இந்த வருஷம் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் பறவை பார்ப்பதில் ஆசை. எனக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. எங்கள் குடும்பத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான் என்பதால், போகும் இடமெல்லாம் ஏதாவது பேசச் சொல்வார்கள். எனக்குப் பேச வராது. கண்ணில் தூரக்கண்ணாடி இருந்தால் விட்டுவிடுவார்கள்.

தங்குவதற்கு அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கார அதிகாரி யாராவது வந்துவிட்டால் நம்மை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். என் கணவர் ரப்பர் தோட்டங்களை நிர்வகிக்கும் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. அதனால் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு, இருவாச்சி பார்க்க வருகிறோம், ஓர் இரவு தங்க இடம் வேண்டும் என்று எழுதினார். கையில் கிடைத்த ஆபீஸ் தாளிலேயே எழுதிவிட்டார். ஆற்றோரத்துப் பெரிய மரத்தில் ஒரு ஜோடி இருப்பதாகவும் அவசியம் வரவேண்டும் என்றும் பதில் வந்தது.

முதல் படகிலேயே காரை ஏற்றினோம். காருக்கும் எங்களுக்குமாகக் கட்டணம் ஒரு வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. பட்டர்வொர்த்தில் இறங்கியபோது, எங்கள் படகு திரும்புவதற்காக மூட்டைகளோடு ஒரு கூட்டம் காத்திருந்தது. ரப்பர் விலை விழுந்ததால் தோட்டங்கள் வேலையிலிருந்து கழித்துவிட்ட ஆட்கள், ஊருக்குக் கப்பலேறப் போகிறவர்கள். ஒரு பெண் அம்மிக்குழவியை மட்டும் இடுப்பில் வைத்திருந்தாள். அம்மியைக் காணோம்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டியும், அவர்கள் ஆணம் என்று சொல்லும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். சூடாகவும் சுத்தமாகவும் இருந்தது. இருவாச்சிக்காகப் போகிறோம் என்றதும் கடைக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்கண்ணே?"

"துப்பாக்கி இல்லை. சும்மா பாக்கப் போறோம்" என்றார் என் கணவர்.

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வந்துடுவோம்."

"எண்ணெய் ஊத்திக் காரை ஓட்டிக்கிட்டுப் போயி, பாத்துட்டு வர்றதா? நல்லாத்தான் இருக்கு லா" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அங்கிருந்து தெற்கே பன்னிரண்டு மைல். வழியில் வயல்களில் கொக்குகள் நிறைய. அவற்றுக்கு நடுவே பெண்கள் குனிந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கும் வாளியையே கொண்டுவந்திருந்தார்கள். பால் வெட்ட இனி மரம் இல்லாதவர்கள். நான் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டேன்.

கிராணியின் பெயர் மாணிக்கம், மனைவி ராசாத்தி. பலகை வீடு, எங்களுக்கென்று ஓர் அறை, துவைத்த விரிப்பு. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்கார துரை ஈப்போவுக்குப் போயிருந்தார். முதலில் மரத்தைக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்க, மாணிக்கம் எங்களை மரத்தடிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று திரும்பிவிட்டார்.

இருவாச்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சம். ஆண் பறவை அந்தப் பிளவு வழியாகப் பழம் ஊட்டும். குஞ்சு வளர்ந்து, பூசிய மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை உள்ளே இருப்பவற்றுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

மரத்தின் உயரத்தில் அந்தப் பிளவு தெரிந்தது. அடிக்கடி அலகின் நுனி வெளியே வந்து, காத்திருந்து, உள்ளே போனது. ஆணின் இறக்கைச் சத்தத்துக்காகப் பொழுது சாயும்வரை நின்றோம். வரவில்லை.

"நம்மளப் பாத்துட்டுப் பயந்திருக்கும். காலைல மறைஞ்சு நிப்போம்" என்றார் அவர்.

இரவு இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் ஒரு கறி வறுவலும் வைத்தார்கள். என் கணவர் முதலில் முருங்கைக்கீரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கறியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மாணிக்கம். "நீங்க காட்டுல அலையக் கூடாதுன்னு காலைல நானே ஆத்தோரம் போயி அடிச்சிட்டேன். ஐயா ஆசைப்பட்டு எழுதின பறவையாச்சே. இலையில பாத்துக்கட்டும்னுதான் மரத்தடியில சொல்லல. துரை ஊர்ல இல்ல, பன்னி சுடுற துப்பாக்கி என் பொறுப்புலதான் இருந்துச்சு. ஒரே தோட்டா."

என் கணவரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. மாணிக்கம் அதைக் கவனிக்காமல் தொடர்ந்தார். "அடுத்த மாசம் ரெண்டு கிராணியில ஒருத்தரைக் கழிக்கப்போறாங்களாம். ஐயா தலைமை ஆபீஸ். ஒரு வார்த்தை சொன்னா எங்க தல தப்பும்."

"நான் அங்கே கடைசி மேசையில உக்காருற ஆளுங்க" என்றார் அவர். மாணிக்கம் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

ராசாத்தி கரண்டியோடு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கறியை அவர்கள் தங்களுக்கென்று கொஞ்சமும் எடுத்து வைக்கவில்லை. நான் முழுவதையும் சாப்பிட்டேன். என் கணவர் கறியைத் தொடாமலே இலையை மூடினார். இரவு என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

காலையில் என் கணவர் மாணிக்கத்திடம் பொந்தைப் பற்றி விளக்கினார்.

"வெளிய வந்து தின்னுக்காதாய்யா?"

"உள்ள இருக்கறப்ப இறகு உதிர்ந்திடும். பறக்க முடியாது."

ராசாத்தி அடுப்படியிலிருந்து, "வீட்டு ஆம்பளையவா அடிச்சிட்டு வந்தீங்க?" என்றார். மாணிக்கம் ஒரு பப்பாளிப் பழத்தை அறுத்தார். பப்பாளித் துண்டை மூங்கில் நுனியில் குத்தி எடுத்துக்கொண்டு எங்களோடு மரத்தடிக்கு வந்தார். எட்டவில்லை. இன்னொரு மூங்கிலை இணைத்துக் கட்டினார். அப்போதும் எட்டவில்லை. படகைப் பிடிக்க நாங்கள் கிளம்பியபோது அவர் மூன்றாவது மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் கழிக்கப்பட்டவர் அவர்தான். கணக்கில் ஒரு தோட்டா குறைந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். என் கணவர் பெரிய கிளார்க்கிடம் போய், தோட்டா எங்களுக்காகச் செலவானது என்று சொல்லிப் பார்த்தார். துரை இல்லாத நேரத்தில் தோட்டத்தில் உனக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். எங்களுக்கும் அந்த ஆபீஸ் சம்பளம்தான் பிழைப்பு.

அவர்கள் ஊருக்குக் கப்பல் ஏறும் நாளில், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். மாணிக்கம் எங்கோ பார்த்தபடி நின்றார். ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூங்கில் எட்டிருச்சு தங்கச்சி. தினமும் வேலைக்கு முன்னாடி போயி வச்சிட்டு வருவாரு. அதுவும் வாங்கித் தின்னுச்சு. அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

சாதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது, மழை இல்லாத தை, மாசி நல்லது. புக்கிட் மெர்தாஜாமை விட்டால் வழியில் நல்ல சாப்பாடு கிடையாது, கட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்தில் தங்குவதானால் ஆபீஸ் தாளில் எழுதாதீர்கள். பறவையைப் பார்க்க மட்டுமே வருகிறோம், எதையும் சுட வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எங்களுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

போன வாரம் அந்தத் தோட்டத்துக் கங்காணி ஆபீஸுக்கு வந்திருந்தார். என் கணவர் மரத்தைப் பற்றி விசாரித்தார். மரம் அப்படியே இருக்கிறதாம். மூங்கில் அதன்மேல் சாய்ந்தபடி நிற்கிறதாம். பொந்தில் பூசிய மண் இன்னும் உடையவில்லையாம்.