பால் சுரக்காத தபசு காலம்

சர்வேசுரனுடைய இரக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன், சகோதரரே. இரக்கத்தில் தொடங்குவதா, குழப்பத்தில் தொடங்குவதா என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தாறாம் வருஷத்துத் தபசு காலம், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாற்பது நாள் ஒருசந்தி நோன்பு. பிரெஞ்சு ராஜ்ஜியத்து ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு. காய்ச்சலில் என் மனைவி அன்னம்மாளுக்குத் தாய்ப்பால் வற்றிப்போனது. கைக்குழந்தை ரோசலிக்கு டப்பாப் பால் ஒவ்வாமல் வாந்தி. எங்கள் செவலைப் பசுவின் பால்தான் வயிற்றில் தங்கியது. குழந்தை தேற வேண்டுமென்று அன்னம்மாள் ஒரு நேர்ச்சை செய்தாள். பாட்டென்றால் அவளுக்கு உயிர். உயிர்த்த ஞாயிறு வரை அதை விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டாள்.

அந்த வாரமே பசுவின் பால் குறைந்தது.

செம்பில் பாதி, பிறகு கால். தவிட்டைக் கூட்டினோம். பருத்திக்கொட்டை அரைத்து வைத்தோம். தண்ணீரை மாற்றினோம். கன்றை முன்னால் கட்டினோம். பக்கத்துவீட்டு மாட்டு வியாபாரி காதர் பாய் வந்து மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"மடியில நோவில்ல. பால இழுத்து வச்சிக்குது. என்னா முசியே, மாடும் உங்ககூட சேந்து ஒருசந்தி இருக்குதா?"

ரோசலியின் அழுகை நூலாய் மெலிந்தது. ஜெபத்தைக் கூட்டினோம், பால் இன்னும் குறைந்தது. நான் தட்டுவது சரியான வாசல்தானா? ஒரு மாலை தொழுவத்துக்கு வெளியே முழந்தாளிட்டு, "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

உள்ளே அன்னம்மாள் கறக்க உட்கார்ந்திருந்தாள். ஓரத்துத் தூளியில் குழந்தை சிணுங்கியது. அவளுடைய இரண்டு கையும் பசுவின் மடியில். தன்னையறியாமல் வாய் தாலாட்டியது. செம்பில் பால் பீறிடும் சத்தம் கேட்டது. திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்தினாள். பாலும் நின்றது.

"நேர்ச்சைய ஒடைச்சிட்டேங்க," என்று அழுதாள். "புள்ளைக்கு என்னா ஆவப்போவுதோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈன்ற நாளிலிருந்து அந்தப் பசு அவள் பாட்டில்லாமல் கறந்ததே இல்லை.

பங்குச் சாமியாரிடம் ஓடினோம். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பாட்ட விடச்சொல்லி சர்வேசுரன் கேட்டாராம்மா? வேற எதையாவது விடு. தபசு காலமேன்னு உறுத்திச்சுன்னா வியாகுலப் பாட்டு பாடு. மாடு ஒண்ணும் கோச்சிக்காது."

கோபித்துக்கொள்ளவில்லை. சிலுவையடியில் மாதா அழும் பாட்டுக்குச் செம்பு நுரைத்து வழிந்தது. ரோசலி இன்று வாசலில் ஓடுகிறாள்.

குழந்தைக்காகச் செய்த நேர்ச்சைதான் குழந்தையின் பாலை நிறுத்தியதா? அதை உடைத்தது அன்னம்மாளா, ஆண்டவரா? விளங்கவில்லை. விளங்காமலே நன்றி சொல்கிறேன். முன்பெல்லாம் அலங்காரமாய் ஜெபித்தவன், இப்போது அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கும் ஒன்றும் விளங்காத நாள் வரும். அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, காதைத் தொழுவத்துப் பக்கம் வைத்திருங்கள்.