தம்பி கூட்டிப்போன கடைகள்

ஜப்பான் சாப்பாடு, கொரியா சாப்பாடு, வியட்நாம் சூப், தாய்லாந்துப் புளிப்பு என்று ஜொகூர் பாருவில் எந்தக் கடையைப் பற்றி வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே ஏர்கோன் நேராக மண்டையில் அடிக்கும், எங்கே சுடுதண்ணீர் கேட்டால் முறைப்பார்கள், எல்லாம் அத்துப்படி. என் தம்பி வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியாது.

குளுவாங்கில் நானும் அப்பாவும்தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எனக்குத் தொழிற்சாலையில் வேலை. அப்பா காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். இனிப்புநீர் வியாதி வந்து, காலில் புண்ணாகி, அது ஆறுவேனா என்று அடம்பிடிக்க, மாதம் ஒரு தடவை ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. தம்பி அந்த ஊரில்தான் இருக்கிறான். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.

போகும் வழியில் கார் செடெனாக்கைத் தாண்டியதுமே அப்பா ஆரம்பித்துவிடுவார். "தம்பிக்கு ஒரு போன் போடு பாப்பா. நாம வர்றது தெரியணுமில்ல." தம்பிக்குத் தெரியாமல் என்ன? முதல் நாளே கடையின் பெயரும் படமும் என் போனுக்கு வந்திருக்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்துவிட வேண்டும்.

முதலில் கூட்டிப்போனது ஒரு மாலில் இருந்த ஜப்பான் கடைக்கு. குட்டிக் குட்டித் தட்டுகளில் சோற்று உருண்டையும் அதன் மேல் மீனும் வைத்து, ஓடுகிற பட்டையில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எடுங்கப்பா" என்றான் தம்பி. "பசி இல்லய்யா" என்றார். அவன் திரும்பியதும் என் காதருகே குனிந்தார். "அந்தக் கோடியில நாலு பேரு மூஞ்சிக்கு முன்னால போயிட்டு, அவங்க வேணாம்னு விட்டதுதானே பாப்பா இங்க வருது? எச்சி பட்டதெல்லாம் எப்படித் திங்கிறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு மெதுவாகப் பேசவும் வராது. நாற்பது வருடம் செம்பனைக் காட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திப் பேசிய தொண்டை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்பா, கொஞ்சம் மெதுவா பேசுங்க லா" என்றான். அப்பா தலையாட்டினார். தனியாகச் சொல்லி வாங்கிய முட்டைத் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்றார். பொய். திரும்பும் வழியில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்தது கொரியாக் கடை. மேசை நடுவில் அடுப்பு, தட்டில் பச்சைக் கறி. "ஏன்யா, கடைக்கு வந்தும் நாமதான் சுடணுமா?" என்று கேட்டார் அப்பா. ஆனால் இடுக்கி கைக்கு வந்ததும் ஆளே மாறிப்போனார். மாட்டுக் கறி படாத கல்லாகக் கேட்டு வாங்கி, கோழியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பதமாக வெந்த துண்டுகளையெல்லாம் தம்பி தட்டில் வைத்தார். "சூடா இருக்கு, ஊதித் தின்னு." முப்பத்தைந்து வயதுக்காரனிடம்! அந்த ஒரு நாள் அப்பா வயிறாரச் சாப்பிட்டார். தம்பியும் சிரித்தான். அதற்காகவே நான் அந்தக் கடையை இன்னும் திட்டாமல் இருக்கிறேன்.

அப்போதெல்லாம் தம்பியும் அவன் மனைவியும் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு அடிக்கடி போய் உட்காருவது மரியாதையில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார். பிறகு தம்பி வீடு வாங்கினான். மாடி வீடு, முன்னால் காவலாளி உள்ள தாமான் குடியிருப்பு. அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். அது கம்பெனி வீடு. இப்போது நாங்கள் இருப்பது வாடகை வீடு. எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு என்று ஒன்றை வாங்கியவன் அவன்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குளுவாங் பசாரில் மீன்காரன் வரைக்கும் சொல்லிவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பால் காய்ச்சுறப்ப நான் இருக்கணும் பாப்பா. உங்கம்மாதான் பாக்கல. நானாவது பாத்துட்டுப் போறேன்."

"வீடு எப்பய்யா காட்டப்போற?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்டார். டைல்ஸ் போடுகிறவன் ஓடிவிட்டான் என்றான் தம்பி. அடுத்த மாதம் கிச்சன் கெபினட் வரவில்லை. அதற்கடுத்த மாதம் பெயின்ட் வாடை. "ரெனோவேஷன்னா அப்படித்தான்பா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவோ அவனுக்காக என்னிடம் வாதாடுவார். "பால் காய்ச்சாத வீட்டுல பெரியவங்க கை நனைக்கக் கூடாது. அது தெரிஞ்சுதான் புள்ள கடைக்குக் கூட்டிட்டுப் போறான்." மகன் பாதிதான் பொய் சொன்னான், மீதியை அப்பாவே சொல்லி முடித்துக்கொண்டார். வியட்நாம் கடையில் சூப்புக்குத் தொட்டுக்கொள்ளத் தழையும் கொத்துமாகத் தட்டு நிறைய வைத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "ஆட்டுக்குப் போடுற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்துவிட்டு, அதையும் தின்றார்.

தாய்லாந்துக் கடைக்குப் போன அன்றுதான் எல்லாம் உடைந்தது. சாப்பாடு வந்த கையோடு தம்பி போன் பேச வெளியே போனான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் எங்கள் மேசையருகே வந்து நின்றார். தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பார்த்துப் பல வருடமாகிவிட்டது.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? இப்ப நான் மக வீட்டோட இருக்கேன். உங்க மவன் வீட்டுக்கு எதிர் வரிசைதான்."

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "அப்படியா! உக்காருப்பா."

"இல்லண்ணே, மக காத்துக்கிட்டு இருக்கு. ஆமா, தம்பி வீட்டுல பால் காய்ச்சுனாங்களே, உங்களைக் காணோமே? பந்தியில கூடத் தேடுனேன். சம்பந்தி அம்மாதான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சாங்க. சாப்பாடு பிரமாதம்."

 அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்பா தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு சிரித்தார்.

"வந்தேனேப்பா. வெள்ளனவே வந்துட்டேன். பாலு பொங்குறதப் பாத்துட்டுத்தான் கெளம்புனேன். காலு முடியல, அதான் பந்தி வரைக்கும் நிக்கல."

"அதானே பாத்தேன். அப்பன் இல்லாமலா? வீடு எப்படிண்ணே, புடிச்சிருக்கா?"

"ரொம்ப. சமையக்கட்டு நல்லா பெருசு. காத்து வருது. மேல ஏறித்தான் பாக்க முடியல. கீழயே எனக்குன்னு ஒரு ரூம் போட்டிருக்கான்."

கால் வைக்காத வீட்டை அப்பா அறை அறையாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது தம்பி அந்தப் பெரியவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. காதில் விழுந்துவிட்டது என்று அவன் முகமே சொன்னது. பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "அப்பாவ நல்லா வெச்சிருக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி உட்கார்ந்தான். அழுவான், ஒரு மன்னிப்பாவது கேட்பான் என்று பார்த்தேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய புலுட் என்கிற ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் கொண்டுவரச் சொன்னான். "அப்பா, இந்தக் கடையில இதுதான்பா பேமஸ்." புண் ஆறாத இனிப்புநீர்க்காரருக்கு அது! அப்பா கரண்டியை எடுத்தார்.

என்னால் முடியவில்லை. "எப்படா பால் காய்ச்சின?"

"அக்கா, இங்க வேணாம் லா."

"வேற எங்க கேக்குறது? உன் வீட்டுக்கு வந்தா கேக்க முடியும்?"

"மாமியார் வீட்டு ஆளுங்கதான் எல்லாத்தையும் பாத்தாங்க. ஆபீஸ்காரங்கெல்லாம் வந்திருந்தாங்க. சின்னப் புள்ளைங்க வேற ஓடிக்கிட்டு இருக்கும். அப்பாவுக்கு அந்தக் காலோட..."

"புண்ணு நாறுதுன்னு சொல்லித் தொலையேன்டா!"

சொன்ன பிறகுதான், அப்பாவின் முன்னால் அதைச் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. தம்பி இல்லை என்று மறுக்கவில்லை. அப்பா மேசைக்கடியில் கட்டுப் போட்ட காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பாப்பா, சும்மா இரு. நல்லா இருக்குய்யா இந்த மாம்பழம்" என்றார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

காரில் ஏறியதும் நான் கத்தத் தொடங்கினேன். அவன் தாமான் பெயர் தெரியும், எதிர் வரிசையில் ஆளும் இருக்கிறார், காவலாளியிடம் கேட்டால் வீட்டைக் காட்டமாட்டானா? இப்பொழுதே போய் வாசலில் நிற்கலாம், அவன் மாமியார் முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம் என்றேன். அப்பா சீட் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். எட்டி மாட்டிவிட்டேன்.

"கூப்பிடாம போகக் கூடாது பாப்பா."

"அவன் கூப்பிடவே மாட்டான்பா."

"தெரியும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் கோபத்தையே பிடித்துக்கொண்டேன். "சரி, இனிமே ஒரு கடையும் வேணாம். டாக்டரப் பாத்துட்டு நேரா குளுவாங்குக்குத் திரும்பிடலாம். சோறு நான் பொங்கிப் போடமாட்டேனா? இந்த எழவுக் கடையில உங்களுக்கு என்னப்பா இருக்கு?"

அப்பா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடையும் வேணாம்னுட்டா, அப்புறம் அவன நான் எங்க போயி பாக்குறது?"

 மறுமாதம் தம்பி ஒரு சீனக் கடையின் படத்தை அனுப்பினான். கூட்டிக்கொண்டு போனேன்.